பி.காமா, அக்ரியா? ரிசல்ட் வந்ததும் என்னிடம் கேட்கப்படும் கேள்விகள்

மஞ்சள் மண்டிக்கும் ஒழுங்குமுறை விற்பனைக்கூடத்துக்கும் நடுவில் இருக்கிறது என் அலுவலகம். ஈரோடு மாவட்டத்தில் கடைக்காரர்களுக்கும் விவசாயிகளுக்கும் கணக்கு எழுதி, வரி ரிட்டர்ன் தாக்கல் செய்து கொடுப்பது என் வேலை. அப்பா மஞ்சள் விவசாயி. நான் படித்தது பி.காம். அதனாலேயோ என்னவோ, மே மாதம் பிளஸ் டூ ரிசல்ட் வந்த மறுநாள் முதல் பில் கட்டோடு மார்க் ஷீட்டும் மேசைக்கு வந்துவிடும். பல வருடங்களாகச் சொல்லி வந்த பதில்களை ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன். கேள்விகளைக் கேட்டவர்கள் வார்த்தையிலேயே விட்டிருக்கிறேன்.

"இத்தனை கோர்ஸ் பேர் சொல்றாங்க மேடம், எதை வச்சு முடிவு பண்றதுங்க?"

பெயரை அப்புறம் பார்க்கலாம். எந்தக் கல்லூரிக்குப் போனாலும் முதலில் மூன்று விஷயங்களைக் கேளுங்கள். பட்டம் தருவது எந்தப் பல்கலைக்கழகம்? படிப்பு எத்தனை வருடம்? முடித்தால் எந்தெந்த வேலைக்கு விண்ணப்பிக்கலாம்? மூன்றுக்கும் வாய்ப்பேச்சாக இல்லாமல் காகிதத்தில் பதில் வாங்குங்கள். கீழே வரும் பாதிக் கேள்விகள், இந்த மூன்றையும் கேட்காமல் பணம் கட்டியவர்கள் கேட்டவை.

"பி.காம் சி.ஏ. முடிச்சா ஆடிட்டர் ஆயிடலாமுங்களா?"

முடியாது. என்னிடம் அதிகம் பேர் கேட்கும் கேள்வி இதுதான். பி.காம் சி.ஏ. என்பதில் உள்ள சி.ஏ., 'கம்ப்யூட்டர் அப்ளிகேஷன்ஸ்'. வணிகவியலோடு கொஞ்சம் கணினியும் சேர்ந்த மூன்று வருடப் பட்டம். நல்ல படிப்புதான். ஆனால் ஆடிட்டர் ஆவதற்கான சி.ஏ., 'சார்ட்டர்டு அக்கவுண்டன்சி'. அதைக் கல்லூரி எதுவும் தர முடியாது. 1949-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அமைந்த இந்தியப் பட்டயக் கணக்காளர் கழகம்தான் தேர்வு நடத்திப் பட்டயம் தருகிறது.

மகள் ஆடிட்டராகப் போகிறாள் என்று இரண்டு வருடமாக ஊரெல்லாம் சொல்லிவிட்ட ஒரு தகப்பனார், மூன்றாம் வருடத்தில்தான் இதைத் தெரிந்துகொண்டார். என் மேசைக்கு எதிரே உட்கார்ந்து, சேர்க்கைச் சீட்டில் இருந்த அந்த இரண்டு எழுத்தையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். அந்தப் பெண் பிறகு சி.ஏ.வுக்குப் பதிவு செய்து இப்போது படித்துக்கொண்டிருக்கிறாள். முதல் வருடமே தெரிந்திருந்தால் காலம் மிச்சமாகியிருக்கும்.

"அப்ப நிஜமான சி.ஏ.வுக்கு எப்படிப் போறதுங்க? ரொம்ப வருஷம் ஆகுமா?"

இரண்டு வழி உண்டு. பிளஸ் டூ முடித்ததும் ஃபவுண்டேஷன் தேர்வு எழுதலாம். நான்கு தாள், 400 மதிப்பெண். ஒவ்வொரு தாளிலும் 40 சதவீதம், மொத்தத்தில் 50 சதவீதம் எடுக்க வேண்டும். இரண்டு தாள்கள் கொள்குறி வகை, அவற்றில் தவறான விடைக்கு மதிப்பெண் குறையும். இன்னொரு வழி, பட்டம் முடித்துவிட்டு நேராக இரண்டாம் கட்டமான இண்டர்மீடியட்டில் சேர்வது. அதற்கு வணிகவியல் பட்டத்தில் 55 சதவீதம் வேண்டும், மற்றப் பட்டங்களில் 60 சதவீதம்.

இண்டர்மீடியட்டில் இரண்டு குரூப், ஆறு தாள். அப்புறம் ஒரு ஆடிட்டரிடம் ஆர்டிகிள்ஷிப் என்ற பயிற்சி. முன்பு இது மூன்று வருடம், 2023-இல் வந்த புதிய முறையில் இரண்டு வருடம். பிறகு ஃபைனல். ஒரு தடவைகூடத் தவறாமல் போனால் நான்கு வருடத்தை ஒட்டி முடிக்கலாம், ஆனால் அப்படிப் போகிறவர்கள் கொஞ்சம் பேர்தான். ஃபைனல் வரை வந்து ஒரு குரூப் மட்டும் பாக்கி நிற்கும் பிள்ளைகள் என்னிடமே இரண்டு பேர் வேலை பார்த்திருக்கிறார்கள். இருவரும் கெட்டிக்காரர்கள். அவர்களை வீட்டில் 'ஃபெயிலு' என்று பேசுவதைக் கேட்டால் எனக்கு ஆற்றாமையாக இருக்கும்.

தேர்வு ஆங்கிலத்திலும் இந்தியிலும்தான், தமிழில் எழுத முடியாது. தமிழ் வழியில் படித்த பிள்ளைகள் இதற்காக ஒதுங்க வேண்டியதில்லை. பற்று, வரவு, பேரேடு, இருப்பாய்வு என்று படித்ததை ஆங்கிலப் பெயரில் பழக ஆறு மாதம் பிடிக்கும். கணக்கு அதே கணக்குதான்.

இதே போல இன்னும் இரண்டு படிப்புகள் உண்டு. அடக்கவிலைக் கணக்குக்கு சி.எம்.ஏ., கம்பெனிச் சட்ட வேலைக்கு சி.எஸ். தொழிற்சாலைகள் பக்கம் போக விருப்பமிருந்தால் சி.எம்.ஏ.வை ஒரு தடவை விசாரியுங்கள்.

"பொண்ணு சயின்ஸ் குரூப். பி.காம் கிடைக்குமுங்களா?"

பல கல்லூரிகளில் கிடைக்கும். சில இடங்களில் காமர்ஸ் குரூப்புக்கு முன்னுரிமை இருக்கும், விண்ணப்ப ஏட்டில் பார்த்துக்கொள்ளுங்கள். முதல் செமஸ்டரில் மட்டும் கொஞ்சம் மூச்சு வாங்கும். பள்ளியின் பிளஸ் ஒன் கணக்குப்பதிவியல் புத்தகத்தை விடுமுறையிலேயே வாங்கிக் கொடுத்து, முதல் ஐந்து பாடத்தைப் போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். அது போதும்.

"காமர்ஸ் குரூப் படிச்ச பையன் அக்ரி சேரலாமுங்களா?"

பி.எஸ்சி. அக்ரிக்கு முடியாது. பிளஸ் டூவில் இயற்பியல், வேதியியல், உயிரியல் போன்ற அறிவியல் பாடங்கள் வேண்டும். வேளாண் பொறியியலுக்குக் கணிதம் கட்டாயம். தொழிற்பிரிவில் வேளாண் அறிவியல் படித்தவர்களுக்குத் தனி ஒதுக்கீடு இருக்கிறது, பலருக்கு இது தெரிவதில்லை.

பத்தாம் வகுப்பு முடித்துக் குரூப் எடுக்கும்போதே இது தெரிந்திருக்க வேண்டும். ஆனால் காமர்ஸ் பையனுக்கு விவசாயம் சார்ந்த வேலையே கிடையாது என்று எண்ணிவிடாதீர்கள். அவனுக்குள்ள வழிகளைப் பின்னால் தனியாகச் சொல்கிறேன்.

"அக்ரிக்கு நீட் எழுதணுமா? எங்கெங்க காலேஜ் இருக்கு?"

நீட் வேண்டாம். தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் பிளஸ் டூ மதிப்பெண்ணை வைத்து 200-க்குத் தரவரிசை போட்டுக் கலந்தாய்வு நடத்துகிறது. அகில இந்திய ஒதுக்கீட்டில் சேர மட்டும் கியூட் நுழைவுத்தேர்வு. அரசுப் பள்ளியில் ஆறாம் வகுப்பிலிருந்து படித்த பிள்ளைகளுக்கு 2021-ஆம் ஆண்டுச் சட்டப்படி 7.5 சதவீத உள் ஒதுக்கீடு உண்டு. மருத்துவத்துக்கு மட்டும்தான் இது என்று நினைத்து விண்ணப்பமே போடாத குடும்பங்களைப் பார்த்திருக்கிறேன். பொறியியல், வேளாண்மை, கால்நடை, மீன்வளம், சட்டம் எல்லாவற்றுக்கும் உண்டு.

1868-இல் சைதாப்பேட்டையில் தொடங்கிய வேளாண் பள்ளிதான் இந்தப் பல்கலைக்கழகத்துக்கு வேர். பிறகு கோவைக்கு வந்து, 1971-இல் பல்கலைக்கழகமானது. கோவை, மதுரை, திருச்சி, கிள்ளிகுளம் ஆகிய ஊர்களில் வேளாண் கல்லூரிகள், பெரியகுளத்தில் தோட்டக்கலை, மேட்டுப்பாளையத்தில் வனவியல், குமுளூரில் வேளாண் பொறியியல். இவை போக இணைப்புப் பெற்ற தனியார் கல்லூரிகளும், சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் வேளாண் புலமும் உள்ளன.

"பக்கத்துல ஒரு காலேஜ்ல மூணு வருஷ நவீன விவசாய டிகிரி இருக்குதாம். அக்ரி மாதிரியேதான்னு சொல்றாங்க…"

'மாதிரியே' என்ற சொல் வந்தாலே நில்லுங்கள். வேளாண் பட்டம் நான்கு வருடம், எட்டு செமஸ்டர். வங்கிகளில் வேளாண் கள அலுவலர் தேர்வுக்கு நான்கு வருடப் பட்டம் என்று அறிவிப்பிலேயே போட்டிருப்பார்கள். அரசு வேளாண்மை அலுவலர் பணிக்கும் வேளாண் பட்டம்தான் தகுதி. மூன்று வருடப் பட்டத்தோடு போய் நின்றால் விண்ணப்பமே ஏற்காது.

எங்கள் சொந்தத்தில் ஒரு பையன் அப்படி ஒரு கல்லூரியில் பணம் கட்டிச் சேர்ந்து, முடித்த பிறகுதான் வங்கித் தேர்வு அறிவிப்பைப் படித்தான். சொந்தத் தோட்டத்தில் பசுமைக்குடில் போடவோ, சொட்டுநீர்க் கம்பெனியில் வேலைக்குப் போகவோ அந்தப் படிப்பு உதவலாம். அதைச் சொல்லிச் சேர்த்திருந்தால் எனக்குக் குறையே இல்லை. முதல் பதிலில் சொன்ன மூன்று கேள்விகளை இங்கேதான் கட்டாயம் கேட்க வேண்டும். வேளாண் கல்லூரியாக இருந்தால், இந்திய வேளாண் ஆராய்ச்சிக் கழகத்தின் அங்கீகாரம் உண்டா என்றும் கேளுங்கள்.

"நம்ம பண்ற விவசாயத்துல இல்லாத எதை காலேஜ்ல சொல்லித் தர்றாங்க?"

இதைக் கேட்டவர் நாற்பது வருடம் மஞ்சளும் கரும்பும் போட்டவர். கோபமாகத்தான் கேட்டார், அந்தக் கோபத்தில் நியாயமும் இருக்கிறது. வயலைப் பார்த்ததும் இலை ஏன் பழுக்கிறது என்று அவருக்குத் தெரியும். கல்லூரியில் அந்த இலையை மண் பரிசோதனை அட்டையோடு சேர்த்துப் பார்க்கச் சொல்லித் தருகிறார்கள். கார அமிலத் தன்மை எவ்வளவு, இரும்புச் சத்து மண்ணில் இல்லையா, இருந்தும் வேர் எடுக்க முடியவில்லையா என்று பார்ப்பார்கள். சுண்ணாம்புப் பாங்கான நம் பக்கத்து மண்ணில் இந்த வித்தியாசம் தெரியாமல் மூட்டை மூட்டையாக உரம் போட்டுப் பணம் போனது எங்கள் தோட்டத்திலேயே நடந்திருக்கிறது.

அப்புறம் சொட்டுநீர் வழியாக உரம் விடுவது, பசுமைக்குடில், திசு வளர்ப்பு, பூச்சி எண்ணிக்கை பார்த்து மருந்து முடிவு செய்வது. 2004-இல் தர்மபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் வேளாண் பல்கலைக்கழகம் துல்லியப் பண்ணையத்தை விவசாயிகளின் நிலத்திலேயே செய்து காட்டியது. வாய்க்கால் பாசனத்திலிருந்து சொட்டுநீருக்குத் தக்காளி மாறிய கதை அங்கிருந்துதான் பலருக்குத் தெரியவந்தது. கடைசி வருடத்தில் மாணவர்கள் கிராமத்தில் தங்கி விவசாயிகளோடு வேலை செய்ய வேண்டும். எங்கள் ஊருக்கு வந்த பெண்கள் காலை ஆறு மணிக்கே தோட்டத்தில் நிற்பார்கள். தேன் பெட்டி வைக்க எங்கள் சித்தி அவர்களிடம்தான் கற்றுக்கொண்டார்.

டிரோன் ஓட்டுவதைப் பலர் கேட்கிறார்கள். அதற்குப் பட்டம் தேவையில்லை. பத்தாம் வகுப்புத் தேர்ச்சி, 18 வயது, அங்கீகாரம் பெற்ற பயிற்சி மையத்தின் சான்றிதழ் போதும்.

"மார்க் பத்தலை. தமிழ்ல படிக்கிற மாதிரி ஏதாச்சும் உண்டா?"

வேளாண்மை, தோட்டக்கலை இரண்டிலும் இரண்டு வருட டிப்ளமோ உண்டு, தமிழ் வழியிலும் படிக்கலாம். உதவி வேளாண்மை அலுவலர் பணிக்கு இது தகுதி. உரம், பூச்சிமருந்துக் கடை உரிமம் எடுக்கவும் பயன்படும். நான்கு வருடப் பட்டத்தையும் தமிழ் வழியில் படிக்கலாம், கோவையில் அதற்கான இடங்கள் உள்ளன. டிப்ளமோவைக் குறைவாக நினைக்காதீர்கள். எங்கள் பக்கத்தில் நன்றாக நடக்கும் நாற்றுப் பண்ணைகளில் ஒன்று டிப்ளமோ படித்தவருடையது.

"மூணு மாசத்துல டேலி, ஜி.எஸ்.டி. சொல்லித் தர்றாங்க. அது போதாதுங்களா? மூணு வருஷம் எதுக்கு?"

டேலி என்பது கணக்கு எழுதும் மென்பொருள். வேலைக்கு நுழைய அது போதும், மேலே போகப் போதாது. என் அலுவலகத்தையே சொல்கிறேன். மாதம் 11-ஆம் தேதிக்குள் விற்பனை விவரத்துக்கு ஜி.எஸ்.டி.ஆர். ஒன்று என்ற படிவம், 20-ஆம் தேதிக்குள் வரி கட்ட த்ரீ பி என்ற படிவம். நடுவில் 14-ஆம் தேதி டூ பி என்ற பட்டியல் வரும். நாம் வாங்கிய சரக்குக்கு எதிரே விற்றவர் காட்டிய பில்கள் அதில் இருக்கும். அதையும் நம் கொள்முதல் பில்களையும் ஒன்றோடொன்று ஒப்பிட வேண்டும். ஒரு பில் விடுபட்டால், வாங்கும்போது கட்டிய வரியைக் கழித்துக்கொள்ளும் அந்த வரி வரவு கடைக்காரருக்குக் கிடைக்காது.

மூன்று மாதம் படித்த பிள்ளை பில்லை வேகமாக ஏற்றிவிடும். அந்தப் பில்லை எந்தக் கணக்கில் ஏற்றுவது, அது செலவா சொத்தா, வரி வரவு எடுக்கலாமா கூடாதா என்று கேட்டால் நின்றுவிடும். பட்டம் படித்த பிள்ளையும் முதல் மாதம் நிற்கும்தான், ஆனால் ஒரு தடவை சொன்னால் காரணம் பிடித்துக்கொள்ளும். அதனால் பி.காம் படிக்கும்போதே மாலையில் டேலி படிப்பதுதான் நான் சொல்லும் வழி.

"பி.காம் முடிச்சிட்டு நானே ஆபீஸ் போட்டு ரிட்டர்ன் தாக்கல் பண்ணலாமா அக்கா?"

பண்ணலாம். நான் அதைத்தான் செய்கிறேன். வணிகவியல் பட்டம் இருந்தால் ஜி.எஸ்.டி. பிராக்டீஷனராக, அதாவது மற்றவர்களுக்காக ரிட்டர்ன் தாக்கல் செய்பவராகப் பதிவு செய்துகொள்ளலாம், அதற்கு ஒரு தேர்வு உண்டு. ஆனால் சட்டம் கேட்கும் தணிக்கைக்குப் பட்டயக் கணக்காளர்தான் கையெழுத்துப் போட வேண்டும். அந்தக் கோட்டைத் தாண்டாதீர்கள். பலகையில் 'ஆடிட்டர்' என்று எழுதுவதும் கூடாது.

இரண்டு வருடமாவது ஒருவரிடம் வேலை பார்த்துவிட்டு ஆரம்பியுங்கள். நோட்டீஸ் வந்த வாடிக்கையாளரின் முகத்தைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தவருக்குத்தான் தேதியின் அருமை தெரியும்.

"வருமான வரிச் சட்டமே மாறிடுச்சாமே. பழைய புத்தகத்தை வச்சுப் படிச்சா வீணா?"

1961-ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பதிலாக வந்திருக்கும் 2025-ஆம் ஆண்டுச் சட்டம் 2026 ஏப்ரல் 1 முதல் பொருந்தும். முந்தைய ஆண்டு, மதிப்பீட்டு ஆண்டு என்று இரண்டு சொல்லிப் பிள்ளைகளைக் குழப்பியது போய், வரி ஆண்டு என்று ஒன்றே வருகிறது. பிரிவு எண்கள் எல்லாம் மாறுகின்றன. ஜி.எஸ்.டி.யிலும் 2025 செப்டம்பர் 22 முதல் 12, 28 சதவீத அடுக்குகள் பெரும்பாலும் எடுக்கப்பட்டன. டிராக்டருக்கும் சொட்டுநீர்க் கருவிக்கும் 12-இல் இருந்து 5 ஆனது.

ஆகவே வரிப் புத்தகத்தை அண்ணனிடம் இருந்து வாங்கிக்கொள்ளாமல் அந்த வருடப் பதிப்பாக வாங்குங்கள். கணக்குப்பதிவியல் புத்தகம் பழையதாக இருந்தாலும் பரவாயில்லை.

"விவசாயத்துக்குத்தான் வரியே இல்லையே. விவசாயக் குடும்பத்துப் பையன் வரி படிச்சு என்ன பண்ணப் போறான்?"

நிலத்தில் விளைந்ததை விற்ற வருமானத்துக்கு வருமான வரி இல்லை, சரி. அதோடு கதை முடிவதில்லை. மகன் வேலைக்குப் போய், அந்தச் சம்பளம் வரி இல்லாத அடிப்படை வரம்பைத் தாண்டி, அவன் பெயரிலேயே உள்ள நிலத்து வருமானமும் 5,000 ரூபாய்க்கு மேல் இருந்தால், வரி விகிதம் கணக்கிட மட்டும் அதைச் சேர்த்துப் பார்ப்பார்கள். விவசாய வருமானத்துக்கு நேராக வரி போடுவதில்லை, ஆனால் சம்பளத்தின் மேல் வரி ஏறலாம். இதைக் காட்டாமல் விட்டு நோட்டீஸோடு வருகிறவர்கள் உண்டு.

அப்புறம் எது விவசாயம் என்பதே ஒரு கேள்வி. நாற்றுப் பண்ணை வருமானம் விவசாய வருமானம். மாட்டுப் பண்ணையும் கோழிப் பண்ணையும் அப்படி அல்ல, அவை தொழில் வருமானம். நீலகிரியில் தானே பறித்துத் தானே தூள் ஆக்கும் தேயிலைக்காரருக்கு 60 சதவீதம் விவசாயம், 40 சதவீதம் தொழில் என்று பிரியும். ஜி.எஸ்.டி.யில் சொந்த நிலத்து விளைச்சலை விற்கும் விவசாயி பதிவு எடுக்க வேண்டியதில்லை. பச்சை மஞ்சளுக்கு வரி இல்லை, காய்ந்த மஞ்சளுக்கு 5 சதவீதம். அதையே அரைத்துப் பொட்டலம் போட்டுப் பெயர் வைத்து விற்கலாம் என்று பையன் கிளம்பும் நாளில், இதெல்லாம் தெரிந்த ஒருவர் வீட்டிலேயே இருந்தால் நல்லது.

"ரெண்டையும் சேர்த்துப் படிக்க வழி இருக்கா? காமர்ஸ் பசங்களுக்கு வழி சொல்றேன்னீங்களே?"

2022 முதல் ஒரு பட்டத்தை நேரிலும் இன்னொன்றைத் தொலைதூர வழியிலும் ஒரே நேரத்தில் படிக்க பல்கலைக்கழக மானியக் குழு அனுமதித்திருக்கிறது. ஆனால் அக்ரி மாணவருக்கு வயல் வேலைக்கே நேரம் போதாது. முடித்தபின் வேளாண் வணிகத்தில் எம்.பி.ஏ. எடுப்பது நல்லது.

காமர்ஸ் பிள்ளைகளுக்கு என் முதல் யோசனை கூட்டுறவு. பி.காம் கூட்டுறவு படிக்கலாம், அல்லது பட்டத்துக்குப் பிறகு கூட்டுறவு மேலாண்மைப் பட்டயப் பயிற்சி முடிக்கலாம். தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கங்கள், மத்தியக் கூட்டுறவு வங்கி வேலைகளுக்கு இந்தப் பயிற்சி கேட்கிறார்கள். இரண்டாவது, உழவர் உற்பத்தியாளர் நிறுவனங்கள். இவற்றில் பெரும்பாலானவை கம்பெனிச் சட்டத்தில் பதிவானவை. பங்குதாரர்கள் எல்லாம் விவசாயிகள், ஆனால் ஆண்டுக் கணக்கு, தணிக்கை, பொதுக்குழு எல்லாம் கம்பெனி போலவே நடக்க வேண்டும். நல்ல கணக்காளர் கிடைக்காமல் இவர்கள் படும் பாட்டை நான் பார்க்கிறேன். இன்னும் மேலே படிக்க நினைத்தால் குஜராத்தில் ஆனந்தில் உள்ள ஊரக மேலாண்மை நிறுவனமான இர்மாவுக்கு எந்தப் பட்டம் படித்தவரும் விண்ணப்பிக்கலாம்.

"படிச்சு முடிச்சுட்டுத் தோட்டத்துக்கே வர்றேங்கிறான். அப்புறம் எதுக்கு அந்தப் படிப்பு?"

வரட்டும். அக்ரி பட்டமோ டிப்ளமோ இருந்தால் வேளாண் மருத்துவ மையம், வேளாண் வணிக மையத் திட்டம் 2002-இல் இருந்தே உண்டு. 45 நாள் பயிற்சி, பிறகு வங்கிக் கடன், அதற்கு 36 சதவீத மானியம், பெண்களுக்கும் பட்டியல் இனத்தவருக்கும் 44 சதவீதம். மண் பரிசோதனை நிலையமோ, கருவி வாடகை மையமோ தொடங்கலாம்.

கணக்குப் படித்துவிட்டு வருகிறவனுக்கும் வேலை இருக்கிறது. என்னிடம் ஒருவர் தன் தக்காளி நோட்டைக் காட்டினார். ஒரு ஏக்கர். வந்தது 2,10,000, செலவு 1,20,000, லாபம் 90,000 என்று அடியில் இரட்டைக் கோடு போட்டிருந்தார். செலவுப் பக்கத்தை மேலிருந்து படித்தேன். நாற்று, உரம், மருந்து, கூலி, வண்டி வாடகை, மண்டிக் கமிஷன். அவரும் வீட்டம்மாவும் உழைத்த நாட்கள் எங்கேயும் இல்லை. இரண்டு பேருக்கும் சேர்த்து 150 ஆள் நாள் வரும் என்றார். ஒரு ஆள் நாளுக்கு 450 என்று போட்டால் 67,500. சொட்டுநீர்க் குழாயின் தேய்மானம் 8,000 என்று வைத்தோம். மிஞ்சியது 14,500.

அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு பேனாவை வாங்கி, நோட்டில் ஒரு புதுப் பக்கம் திருப்பி, 'எங்க கூலி' என்று தலைப்புப் போட்டார். அந்த வருடம் பிளஸ் ஒன் சேர்ந்த அவர் மகள் காமர்ஸ் குரூப் எடுத்தாள். இப்போது அந்த நோட்டை அவள்தான் எழுதுகிறாள்.

"கடன் வாங்கிப் படிக்க வைக்கலாமுங்களா?"

வங்கிக் கல்விக் கடன் வாங்கலாம், 4 லட்சம் வரை சொத்து அடமானம் கேட்கக் கூடாது. வட்டிக்காரரிடம் வாங்காதீர்கள். அரசுக் கலைக் கல்லூரியில் பி.காம் படிக்கக் கடனே தேவைப்படாது. அரசுப் பள்ளியில் படித்த பெண்ணுக்குப் புதுமைப் பெண், பையனுக்குத் தமிழ்ப் புதல்வன் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் வரும், கல்லூரியிலேயே விண்ணப்பிக்கலாம். வீட்டில் முதல் பட்டதாரி என்றால் அதற்கான சான்றிதழைக் கலந்தாய்வுக்கு முன்பே இ-சேவை மையத்தில் விண்ணப்பித்து வைத்துவிடுங்கள். கடைசி வாரத்தில் அங்கே நிற்கும் வரிசை சாலை வரைக்கும் வரும்.